முடிச்சும் மனிதரும்: நாடகம் எழுதுவோருக்குச் சில வழிகள்

நாடகம் எழுதப் பழகுகிறவர்கள் கொண்டுவரும் முதல் பிரதிகளைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். அவற்றில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் தடுமாறுகின்றன. முதல் பத்துப் பக்கங்களில் பாத்திரங்கள் அறிமுகமாகின்றன. இவர் கண்டிப்பானவர், இவர் இரக்கமுள்ளவர், இவருக்கும் அண்ணனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் வசனத்தில் சொல்லப்படுகின்றன. அதன் பிறகே ஏதோ ஒன்று நடக்கத் தொடங்குகிறது. பாத்திரங்களை முதலில் வரைந்து முடித்துவிட்டுப் பிறகு பதற்றத்தை ஏற்றலாம் என்று எழுதுகிறவர் நினைத்துக்கொள்வதால் நேர்வது இது. காலத்தால் நிலைத்த நாடகங்களைப் பிரித்துப் பார்த்தால், இவை இரண்டும் ஒரே வேலையாக நடந்திருப்பது தெரியும். ஒரு மனிதரை இறுக்குகிற முடிச்சே அவர் யார் என்பதைக் காட்டுகிறது. அவருடைய குணமே அந்த முடிச்சை மேலும் இறுக்குகிறது.

இதை நான் ஒரு தோல்வியிலிருந்து கற்றுக்கொண்டேன். நான் எழுதி மேடையேறிய முதல் நாடகத்தில் ஒரு தாய் வந்தாள். அவளுடைய தியாகத்தைப் பற்றி அண்டை வீட்டுக்காரர், மகன், மருமகள், கோயில் குருக்கள் என நான்கு பேர் உருகிப் பேசினார்கள். அரங்கம் அசைவற்று இருந்ததை நான் உருக்கம் என்று எண்ணிக்கொண்டேன். நாடகம் முடிந்ததும் அனுபவமுள்ள நடிகர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "அந்த அம்மா நல்லவங்கன்னு நாலு பேரு சொன்னாங்க தம்பி, அவங்க என்ன செஞ்சாங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அவள் மேடையில் செய்ததெல்லாம் காபி கொண்டுவந்து வைத்தது மட்டுமே. நாவலாசிரியர் பாத்திரத்தின் மனத்துக்குள் நுழைந்து பத்துப் பக்கம் எழுதலாம். நாடகாசிரியருக்கு அந்த வசதி இல்லை. கண்ணுக்குத் தெரிவதும் காதுக்குக் கேட்பதும் மட்டுமே அவருடைய கையிருப்பு.

நுழையும்போதே ஒரு மறைவு

ஹென்ரிக் இப்சன் எழுதி 1879 டிசம்பரில் கோபன்ஹேகனில் முதன்முதலாக மேடையேறிய 'பொம்மை வீடு' நாடகத்தின் தொடக்கத்தை, எழுதப் பழகும் ஒவ்வொருவரும் வரி வரியாகப் படிக்க வேண்டும் என்று நான் சொல்வதுண்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். நோரா கைநிறையப் பொட்டலங்களோடு வீட்டுக்குள் வருகிறாள். மரத்தைச் சுமந்துவந்த கூலியாள் ஐம்பது காசு கேட்கிறான்; அவள் அதற்கு இரட்டிப்பான ஒரு முழு நாணயத்தைக் கொடுத்து, மீதியை வைத்துக்கொள்ளச் சொல்கிறாள். பிறகு பையிலிருந்து இனிப்பு பிஸ்கட் ஒன்றிரண்டை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறாள். கணவனின் அறைக்கதவருகே போய் அவன் உள்ளே இருக்கிறானா என்று காதுகொடுத்துக் கேட்கிறாள். அவன் உள்ளிருந்தபடியே வானம்பாடி என்றும் அணில் என்றும் செல்லமாக அழைக்கிறான். அவன் வெளியே வருவதற்குள் அவள் பொட்டலத்தைச் சட்டைப்பைக்குள் மறைத்து வாயைத் துடைத்துக்கொள்கிறாள். இனிப்பு வாங்கித் தின்றாயா என்று அவன் கேட்கும்போது, இல்லவே இல்லை என்று சாதிக்கிறாள்.

இரண்டு நிமிடத்துக்குள் நமக்கு எவ்வளவு தெரிந்துவிடுகிறது பாருங்கள். அவள் தாராளமாகச் செலவு செய்கிறவள், அல்லது அப்படித் தெரிகிறவள். தின்பண்டத்துக்குக்கூடத் தடை போடும் வீடு அது. அவளால் இயல்பாக, முகம் மாறாமல் பொய் சொல்ல முடிகிறது. இவை எதையும் யாரும் சொல்லவில்லை. அதைவிட முக்கியமானது, ஒரு பிஸ்கட்டை மறைத்த அந்தக் கை பிறகு மறைக்கப்போகும் பெரிய விஷயத்துக்கு நம்மைத் தயார் செய்துவிடுகிறது. கணவனின் உயிரைக் காப்பாற்ற அவனை இத்தாலிக்கு அழைத்துப்போவதற்காக, அவனுக்குத் தெரியாமல் கடன் வாங்கியவள் அவள்; அந்தக் கடன் பத்திரத்தில் தந்தையின் கையெழுத்தைத் தானே போட்டவள். இனிப்புப் பொட்டலம் பாத்திர அறிமுகமாகவும் இருக்கிறது, முடிச்சின் முதல் சுற்றாகவும் இருக்கிறது.

ஆகவே உங்கள் பாத்திரம் மேடைக்கு வரும் முன்பே இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் காட்சியில் அவருக்கு என்ன வேண்டும்? யாரிடமிருந்து எதை மறைக்கிறார்? இரண்டாவது கேள்விக்கு விடை இல்லாத பாத்திரம் பெரும்பாலும் மேடையில் வெறுமனே நின்றுகொண்டிருக்கும். மறைப்பது குற்றமாக இருக்க வேண்டியதில்லை. பசியாக இருக்கலாம், பயமாக இருக்கலாம், வெளியே சொன்னால் அற்பமாகத் தோன்றும் ஆசையாகவும் இருக்கலாம். மறைக்கிறவர் தன் கையை, கண்ணை, குரலைக் கட்டுப்படுத்துகிறார். அந்தக் கட்டுப்பாடு எங்கே நழுவும் என்று பார்வையாளர் கவனிக்கத் தொடங்குகிறார்.

நம் தெருக்கூத்தில் இதற்கு நேர்மாறான முறை இருக்கிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்றபடி வேடக்காரர் தாம் இன்னார் என்று பாடி, ஆடி, தம் பெருமையை அறிவித்த பிறகே திரை விலகுகிறது. கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் கேள்வி கேட்க, அவர் தம் ஊர் பேர் எல்லாம் சொல்கிறார். வாயால் சொல்லும் அறிமுகம் அங்கே பழுதாகத் தோன்றாததற்குக் காரணம் உண்டு. துரியோதனன் யார், துகிலுரியும் காட்சியில் என்ன நடக்கும் என்பது இரவெல்லாம் விழித்திருந்து பார்க்கும் ஊராருக்கு முன்பே தெரியும். என்ன நடக்கும் என்பதை விட்டு, தெரிந்தே நடப்பதை எப்படித் தாங்குவது என்பதில் அங்கே பதற்றம் நிற்கிறது. எனவே கூத்தின் அறிமுகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பார்வையாளருக்குத் தெரியாத குடும்பக் கதையில் ஒட்டவைத்தால் பொருந்தாது. வடிவத்தைக் கடன் வாங்கும்போது அதன் கணக்கையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

ஒரு சிறு காட்சியைத் திருத்திப் பார்ப்போம்

பயிலரங்குகளில் நான் கொடுக்கும் பயிற்சி ஒன்றை இங்கே தருகிறேன். சூழல் எளியது. வெளியூரில் வேலை பார்க்கும் தம்பி, படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவைப் பார்க்க வருகிறான். அம்மாவைப் பார்த்துக்கொள்பவள் அக்கா. வீட்டைத் தன் பேருக்கு மாற்றுவதற்காக முத்திரைத்தாளில் அம்மாவின் கைநாட்டை வாங்கிவிட வேண்டும் என்பது தம்பியின் நோக்கம். இதை எழுதச் சொன்னால் முதலில் வருவது பெரும்பாலும் இப்படி இருக்கும்:

தம்பி: அக்கா, நான் எட்டு வருஷமா வெளியூர்ல கஷ்டப்படுறேன். எனக்குக் கடன் இருக்கு. இந்த வீட்டை என் பேருக்கு எழுதி வாங்கத்தான் வந்திருக்கேன்.
அக்கா: நீ இவ்வளவு சுயநலக்காரனா? எட்டு வருஷமா அம்மாவை நான்தானே பாத்துக்கிட்டேன்!

இருவருக்கும் தெரிந்ததை இருவரும் ஒருவருக்கொருவர் சொல்கிறார்கள். உண்மையில் அவர்கள் நம்மிடம்தான் பேசுகிறார்கள். இரண்டாவது வரியிலேயே எல்லாம் வெளிப்பட்டுவிட்டதால், இதற்குப் பிறகு கூச்சலைத் தவிர வேறு எதுவும் மிச்சம் இல்லை. இப்போது அதே காட்சியை வேறு விதமாக எழுதுவோம்.

(முற்றம். தம்பி தனியே நிற்கிறான். பையிலிருந்து புதிய ஸ்டாம்ப் பேடு ஒன்றை எடுத்துத் திறக்கிறான். ஈரம் இருக்கிறதா என்று தன் கட்டைவிரலை அழுத்திப் பார்க்கிறான். உள்ளே சொம்பு உரசும் சத்தம். அவசரமாக மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறான். அக்கா தண்ணீரோடு வருகிறாள்.)

அக்கா: வெயில்ல வந்திருக்க. மொதல்ல தண்ணியக் குடி.
தம்பி: அம்மா முழிச்சிருக்காக்கா?
அக்கா: மாத்திரை போட்டா ரெண்டு மணி வரைக்கும் தூங்கும். ஏன், உடனே கெளம்பணுமா?
தம்பி: சேச்சே. சும்மா பாக்கலாம்னுதான்.
(சொம்பை வாங்கக் கையை நீட்டுகிறான். கட்டைவிரல் ஊதாவாக இருக்கிறது. அக்கா பார்க்கிறாள். சொம்பை உடனே விடவில்லை.)
அக்கா: கொழம்ப சூடு பண்றேன். கையக் கழுவிட்டு வா. நல்லா தேச்சுக் கழுவு.

இதில் வீடு என்ற சொல்லே வரவில்லை. ஆனால் அவன் எதற்கு வந்தான் என்பதைப் பார்வையாளர் ஊகித்துவிடுகிறார். தாமே ஊகித்ததால் அதை மறக்கமாட்டார். அவன் கொடியவனாகத் தெரியவில்லை, கூச்சமும் அவசரமும் உள்ளவனாகத் தெரிகிறான். அக்காவோ மையைப் பார்த்த பிறகும் சண்டை போடவில்லை. சோறு போடுகிறாள், அதே நேரத்தில் அந்தக் கறை அம்மாவுக்கு அருகே போகக்கூடாது என்று தடுக்கவும் செய்கிறாள். அவளுடைய பொறுமையையும் உறுதியையும் பற்றி நாலு பேர் வந்து பேச வேண்டிய தேவை இல்லை. பதற்றத்தின் கணக்கும் இந்தச் சில வரிகளுக்குள் ஒரு முறை மாறிவிட்டது. தொடக்கத்தில் அவன் மறைப்பது நமக்கு மட்டும் தெரிந்திருந்தது. முடிவில் அக்காவுக்கும் தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரியும் என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது. அம்மா எழுந்திருக்க இரண்டு மணி வரை நேரம் இருக்கிறது. அடுத்த காட்சி தானாகவே ஓடும்.

யாருக்கு எது தெரியும்

நாடகப் பதற்றம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, இந்த அறிவுக் கணக்கைக் கவனமாகப் பராமரிப்பதில் இருக்கிறது. ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு தாளை எடுத்து, பார்வையாளருக்குத் தெரிந்தது என்ன, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தெரிந்தது என்ன, காட்சி முடியும்போது யாருக்கு என்ன கூடுதலாகத் தெரிந்திருக்கிறது என்று எழுதிப் பாருங்கள். காட்சியின் முன்னும் பின்னும் இந்தக் கணக்கில் மாற்றமே இல்லை என்றால், அந்தக் காட்சி எவ்வளவு அழகான வசனங்கள் கொண்டிருந்தாலும் நாடகத்தை நகர்த்தவில்லை என்று பொருள்.

இந்தக் கணக்கில் சோபோக்ளிஸின் 'ஈடிபஸ்' நாடகத்தை மிஞ்சியதை நான் இன்னும் படிக்கவில்லை. கொரிந்துவிலிருந்து ஒரு தூதன் வருகிறான். ஈடிபஸ் தன் தந்தை என்று நம்பியிருந்த அரசர் இறந்துவிட்டார் என்ற செய்தியைக் கொண்டுவருகிறான். தந்தையைக் கொல்வாய், தாயை மணப்பாய் என்ற அருள்வாக்குக்கு அஞ்சி ஊரைவிட்டு வந்தவனுக்குப் பாதி அச்சம் நீங்குகிறது. தாயைப் பற்றிய அச்சம் மட்டும் மிஞ்சுகிறது. அதையும் நீக்கிவிடும் நல்லெண்ணத்தோடு தூதன், அவள் உன்னைப் பெற்றவளே அல்லள், உன்னைக் குழந்தையாக ஓர் ஆட்டிடையனிடமிருந்து வாங்கிக் கொடுத்தவனே நான்தான் என்கிறான். ஆறுதல் சொல்ல வந்த வாயிலிருந்தே அழிவு புறப்படுகிறது. அருகில் நிற்கும் அவன் மனைவி யோகாஸ்டா, தானே அவனைப் பெற்றவள் என்ற முழு உண்மையையும் அந்த நொடியில் உணர்ந்துகொள்கிறாள்; மேற்கொண்டு விசாரிக்க வேண்டாம் என்று மன்றாடுகிறாள். தன் பிறப்பு இழிந்ததாக இருக்குமோ என்று அவள் வெட்கப்படுவதாக ஈடிபஸ் தவறாகப் புரிந்துகொண்டு, விசாரணையைத் தொடர்கிறான். நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரிந்துவிட்டது, அவனுக்கு மட்டும் தெரியவில்லை. அவனைத் தள்ளிக்கொண்டு போவது வெறும் விதி என்று சொல்லிவிட முடியாது. உண்மையைக் கண்டறியாமல் ஓயாத அவனுடைய குணம்தான், நகரைக் காத்த அதே குணம்தான், அவனை அங்கே கொண்டுபோகிறது.

இதையே நம் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் காணலாம். அது மேடைக்கென எழுதிய நாடகம் அன்று, காப்பியம். ஆயினும் இளங்கோவடிகள் அந்தக் காதையை அமைத்திருக்கும் விதம் நாடகம் எழுதுகிறவருக்குத் தனிப் பாடம். கள்வன் பொற்கொல்லன் என்பது நமக்கு முன்பே தெரியும். அரசனுக்குத் தெரியாது. ஒற்றைச் சிலம்போடு வந்து நிற்கும் கண்ணகி 'தேரா மன்னா' என்று தொடங்குகிறாள். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அன்று என்று அரசன் தன் நிலையைச் சொல்கிறான். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் அவள். இந்த இடத்தில்தான் நான் எப்போதும் நின்றுவிடுவேன். அரசன் நினைத்தால் அவளைப் பித்துப்பிடித்தவள் என்று வெளியேற்றியிருக்கலாம். பதில் சொல்லாமல் சபையைக் கலைத்திருக்கலாம். அவன் அவள் சொன்னதை நல்ல சொல் என்று ஏற்று, தங்கள் சிலம்பின் பரல் முத்து என்று தானாகவே சொல்லி, கைப்பற்றிய சிலம்பைக் கொண்டுவரச் செய்து அவள்முன் வைக்கிறான். தனக்கு எதிரான சோதனையை அவனே வகுத்துக் கொடுத்துவிட்டான். சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்த கணத்தில் 'யானோ அரசன் யானே கள்வன்' என்று தன்மீது தானே தீர்ப்பு வழங்கி வீழ்கிறான். பாண்டியன் நீதிமான் என்று யாரேனும் நமக்கு எடுத்துச் சொல்லியிருந்தால், கோவலனைக் கொல்ல ஆணையிட்டவனை அப்படி ஏற்றுக்கொண்டிருக்க மாட்டோம். தப்பிக்க வழியிருந்தும் தப்பிக்காமல் நின்றதால் ஏற்றுக்கொள்கிறோம். பதற்றத்தின் உச்சமும் பாத்திரத்தின் வெளிப்பாடும் ஒரே சிலம்புக்குள் இருந்திருக்கின்றன.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய செயல்முறை இது: உங்கள் பாத்திரத்துக்கு எப்போதும் ஒரு வெளியேறும் கதவைத் திறந்து வையுங்கள். வேறு வழியே இல்லாமல் செய்யும் செயல் அவருடைய சூழ்நிலையைத்தான் காட்டும். வழியிருந்தும் போகாமல் நிற்பதோ, போகக்கூடாத வழியில் போவதோ அவருடைய குணத்தைக் காட்டும். அந்தத் தேர்வுக்கு ஒரு விலையும் இருக்க வேண்டும்.

சொல்லாமல் விடுவது

பேச வேண்டியதைப் பேசாமல் வேறொன்றைப் பேசுவது மேடையில் மிகவும் வலுவான உத்தி. அந்தோன் செகாவின் கடைசி நாடகமான 'செர்ரித் தோட்டம்' 1904இல் மாஸ்கோவில் மேடையேறியது. அதன் நான்காம் அங்கத்தில் லொபாகினும் வார்யாவும் தனியே விடப்படுகிறார்கள். அவன் அவளைத் திருமணம் செய்துகொள்ளும் விருப்பத்தைச் சொல்வதற்கென்றே வீட்டார் அந்தத் தனிமையை ஏற்படுத்திக் கொடுத்திருக்கிறார்கள். அவள் மூட்டை முடிச்சுகளுக்கிடையே எதையோ தேடுவதுபோல் நடிக்கிறாள். எங்கே போகப்போகிறாய் என்று அவன் கேட்கிறான். ஒரு வீட்டில் வேலைக்குச் சேர்ந்திருப்பதாகச் சொல்கிறாள். போன ஆண்டு இதே சமயத்தில் பனி பெய்தது, இப்போது வெயில் அடிக்கிறது, ஆனாலும் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே மூன்று டிகிரி இருக்கிறது என்கிறான் அவன். தான் பார்க்கவில்லை என்கிறாள் அவள். சற்று மௌனத்துக்குப் பிறகு, தங்கள் வெப்பமானி உடைந்துவிட்டது என்கிறாள். வெளியிலிருந்து யாரோ அவனைக் கூப்பிட, வெகு நேரமாக அதற்காகவே காத்திருந்தவன்போல் அவன் விரைந்து போய்விடுகிறான். அவள் தரையில் அமர்ந்து மெல்ல விம்முகிறாள்.

திருமணம் என்ற சொல் அந்த உரையாடலில் இல்லை. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் இடையில் அந்தச் சொல் காத்துக்கிடக்கிறது. இப்போது கேட்பானா, இந்த மௌனத்துக்குப் பிறகாவது கேட்பானா என்று நாமும் காத்திருக்கிறோம். இப்படி எழுத ஒரு முன்தேவை இருக்கிறது. அவர்கள் எதைப் பேச வேண்டும் என்பது காட்சி தொடங்கும் முன்பே பார்வையாளருக்கு ஐயமின்றித் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாவிட்டால் வெப்பமானிப் பேச்சு வெறும் வெப்பமானிப் பேச்சாகவே நின்றுவிடும். உட்பொருளோடு எழுதுகிறோம் என்று நம்பிக்கொண்டு புரியாமல் எழுதுகிறவர்கள் தவறவிடுவது இந்த முன்னேற்பாட்டைத்தான்.

பயிற்சிக்கு இவ்வாறு செய்யலாம். காட்சியில் பேசியே ஆகவேண்டிய ஒரு சொல்லைத் தேர்ந்தெடுங்கள். கடன், கருக்கலைவு, ஜாதகம், விடுதலை, எதுவாகவும் இருக்கலாம். அந்தச் சொல்லை யாரும் உச்சரிக்காமல் இரண்டு பக்கம் எழுதுங்கள். பாத்திரங்களின் கைகளுக்கு ஏதாவது வேலை கொடுங்கள்: கீரை ஆய்வது, துணி மடிப்பது, சைக்கிள் செயினை மாட்டுவது. மனம் ஓரிடத்திலும் கை ஓரிடத்திலும் இருக்கும் மனிதர் தாமாகவே பல செய்திகளை வெளிவிடுவார்.

நீட்டிப்பதும் கெடு வைப்பதும்

பதற்றத்துக்குக் காலம் வேண்டும். வரப்போவது தெரிந்து, அது வந்து சேராமல் இருக்கும் இடைவெளிதான் பார்வையாளரை இருக்கையின் நுனிக்குக் கொண்டுவருகிறது. மீண்டும் இப்சனிடம் செல்வோம். கடன் கொடுத்த க்ரோக்ஸ்டாட், எல்லாவற்றையும் எழுதி நோராவின் கணவனுக்கு அனுப்பும் கடிதம் இரண்டாம் அங்கத்தில் முன்கூடத்துக் கடிதப் பெட்டிக்குள் விழுகிறது. பெட்டியின் சாவி கணவனிடம் மட்டுமே இருக்கிறது. கண்ணாடி வழியே கடிதம் தெரிகிறது, எடுக்க முடியாது. கணவன் பெட்டியைத் திறக்கப் போகிறான். அவனைத் தடுப்பதற்காக அவள் மறுநாள் விருந்தில் ஆடவேண்டிய தரந்தெல்லா நடனத்தைத் தனக்குச் சொல்லித்தரும்படி கெஞ்சி, வெறிகொண்டவள்போல் ஆடத் தொடங்குகிறாள். அவன் அதைப் பயிற்சிக் குறைவு என்று நினைக்கிறான். அங்கத்தின் முடிவில் அவள் கடிகாரத்தைப் பார்த்து, நடு இரவு வரை ஏழு மணி நேரம், அடுத்த நடு இரவு வரை மேலும் இருபத்து நான்கு, ஆக வாழ்வதற்கு 31 மணி நேரம் என்று கணக்கிடுகிறாள்.

ஒரு பொருள், ஒரு பூட்டு, ஒரு கெடு. மூன்றும் கண்ணுக்குத் தெரிபவை, காதில் கேட்பவை. 'அவள் மனம் தவித்தது' என்பதை மேடையில் காட்ட இயலாது; பூட்டிய பெட்டிக்குள் தெரியும் ஓர் உறையைக் காட்ட இயலும். உங்கள் நாடகத்திலும் ஆபத்துக்கு ஓர் உடல் கொடுங்கள். அது மருத்துவ அறிக்கையாக இருக்கலாம், அடகுச் சீட்டாக இருக்கலாம், இன்னும் வராத பேருந்தாக இருக்கலாம். ஆனால் நீட்டிப்பு செயற்கையாகத் தெரியக்கூடாது. தடை ஒவ்வொன்றும் பாத்திரத்தின் இயல்பிலிருந்து வரவேண்டும். நோராவின் நடனம் தடையாகப் பயன்படுவதற்குக் காரணம், கணவன் அவளை ஆட்டுவிப்பதில் மகிழ்பவன் என்பதுதான். திடீரென்று மின்சாரம் போவது, வாசலில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து நிற்பது போன்ற தடைகளை ஒரு முறைக்கு மேல் பார்வையாளர் மன்னிப்பதில்லை.

இறுக்கத்தை ஒரே சீராக ஏற்றிக்கொண்டே போனாலும் மனம் மரத்துவிடும். 'மேக்பெத்'தில் அரசனைக் கொன்ற இரவில் கோட்டைக் கதவு தட்டப்படுகிறது. ஷேக்ஸ்பியர் உடனே கதவைத் திறக்கவில்லை. குடித்திருந்த வாயிற்காவலன் ஒருவனை அனுப்பி, அவன் நரகத்தின் காவலனாகத் தன்னைப் பாவித்துக்கொண்டு வேடிக்கை பேசும்வரை நம்மைக் காக்க வைக்கிறார். நாம் சிரிக்கிறோம், சிரிக்கும்போதே தட்டும் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கிறது. கூத்தில் கட்டியங்காரன் செய்யும் வேலையும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. தளர்த்தும்போது கயிற்றைக் கைவிட்டுவிடக் கூடாது என்பது மட்டுமே இங்கே கவனிக்க வேண்டியது.

அதே நாடகத்தில் இன்னொரு வரியையும் குறிப்பிட விரும்புகிறேன். கொலைக்குக் கணவனைத் தூண்டி, தன் பெண்மையையே களையச் சொல்லித் தீய ஆவிகளை அழைத்த லேடி மேக்பெத், உறங்கும் அரசன் தன் தந்தையைப் போலத் தோன்றியிராவிட்டால் தானே செய்து முடித்திருப்பேன் என்று தனியே நின்று சொல்கிறாள். அந்த ஒரு வரியில் அவளுடைய கல்நெஞ்சில் விரிசல் தெரிந்துவிடுகிறது. பின்னால் அவள் தூக்கத்தில் நடந்து கையைக் கழுவிக்கொண்டே இருப்பது நமக்கு வியப்பாக இல்லாமல் போவதற்கு விதை அங்கே விழுந்திருக்கிறது. பாத்திரத்தில் வரும் மாற்றம் நம்பத்தக்கதாக இருக்க வேண்டுமானால், எதிர்பாராத இடத்தில், பதற்றத்தின் நடுவில், ஒரே ஒரு வரியாக அதை முன்பே போட்டு வையுங்கள். விளக்கவேண்டாம்.

கதவு திறக்கும் காட்சி

இவ்வளவு தூரம் காக்கவைத்த பிறகு, வரவேண்டியது வந்தே ஆகவேண்டும். கடிதம் படிக்கப்படாமலே நாடகம் முடிந்தால் பார்வையாளர் ஏமாற்றப்பட்டதாக உணர்வார். ஆனால் அந்தக் காட்சி அவர் எதிர்பார்த்த திசையிலேயே சென்றாலும் சப்பென்றிருக்கும். இப்சன் என்ன செய்தார் என்று பாருங்கள். உனக்கு ஓர் ஆபத்து வந்து, அதற்காக நான் உயிரையும் பணயம் வைக்க வாய்ப்புக் கிடைக்காதா என்று கணவன் உணர்ச்சியோடு பேசுகிறான். அதைக் கேட்ட நோரா, அதுவரை தடுத்துக்கொண்டிருந்தவளே, இப்போது உன் கடிதங்களைப் படி என்கிறாள். படித்ததும் அவன் அவளைப் பொய்க்காரி, குற்றவாளி என்று ஏசுகிறான். குழந்தைகளை அவளிடம் ஒப்படைக்க முடியாது என்கிறான். சற்று நேரத்தில் கடன் பத்திரத்தைத் திருப்பித்தரும் இரண்டாவது கடிதம் வருகிறது. நான் காப்பாற்றப்பட்டேன் என்று கூவுகிறான். நான்? என்று அவள் கேட்கிறாள். நீயும்தான் என்கிறான்.

மூன்று அங்கங்களாக நாம் அஞ்சியது கடிதம் வெளிப்பட்டால் நோராவுக்கு என்ன ஆகுமோ என்று. வெளிப்பட்டதோ கணவன். ஆபத்து நீங்கிய பிறகே உண்மையான நாடகம் தொடங்குகிறது. அவள் விருந்து உடையை மாற்றிக்கொண்டு வந்து, மேசைக்கு எதிரே அவனை உட்காரச் சொல்லி, எட்டு ஆண்டுகளில் நாம் தீவிரமாகப் பேசிக்கொள்வது இதுவே முதல் முறை என்கிறாள். கடைசியில் கீழே கதவு சாத்தப்படும் ஓசை மட்டும் கேட்கிறது. ஜெர்மனியில் நோராவாக நடிக்கவிருந்த நடிகை, தான் குழந்தைகளை விட்டுப் போகமாட்டேன் என்று மறுத்ததால், நோரா போகாமல் தங்கிவிடும் மாற்று முடிவு ஒன்றை இப்சனே எழுதிக்கொடுக்க நேர்ந்தது. அதைத் தன் நாடகத்தின் மீது நிகழ்ந்த காட்டுமிராண்டித்தனம் என்றே அவர் கருதினார். உங்கள் முடிவையும் மாற்றச் சொல்லி யாரேனும் கேட்பார்கள். அப்போது முடிவின் மகிழ்ச்சி துயரத்தைப் பற்றி வாதிடாமல், முதல் காட்சியில் இனிப்பை மறைத்த பெண் இந்த வழியே வந்தால் வேறு எங்கே போய்ச் சேர முடியும் என்று பிரதியைப் பின்னோக்கிப் படித்துப் பாருங்கள்.

எழுதி முடித்த பிரதியை நீங்களே உரக்கப் படிக்காதீர்கள். நடிக்கத் தெரியாத இரண்டு பேரிடம் கொடுத்து, ஏற்ற இறக்கம் இல்லாமல் படிக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். யார் பேசுகிறார்கள் என்று பெயர் சொல்லாமலே தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாத இடங்களில் இரண்டு பாத்திரங்களும் உங்கள் குரலிலேயே பேசிக்கொண்டிருக்கின்றன. பிறகு அறையில் உட்கார்ந்து கேட்கும் ஒருவரை, காட்சியின் நடுவில் நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள் என்று கேளுங்கள். அவர் தயங்காமல் ஏதாவது சொன்னால் முடிச்சு விழுந்திருக்கிறது. "தெரியலையே" என்று அவர் தோளைக் குலுக்கினால், அந்தக் காட்சிக்கு முன்னே இருக்கும் காட்சியைத் திருத்தத் தொடங்குங்கள்.